ராப் வேறு, ஹிப்ஹாப் வேறா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இசைப் பக்கத்துக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் ராப், ஹிப்ஹாப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரே பதிலாகச் சேர்த்துவிட்டோம்.

எங்கள் கல்லூரி விழா அழைப்பிதழில் ராப் போட்டி, ஹிப்ஹாப் போட்டி என்று தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றுதானே?
வாசகர், திருச்சி

தனித்தனியாகப் போட்டது சரிதான். ராப் என்பது குரலால் செய்யும் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் தாளத்தின் மேல், பெரும்பாலும் ராகம் இழுக்காமல், எதுகையும் இயைபும் விழும்படி சொற்களை அடுக்கிச் சொல்வது. ஹிப்ஹாப் அதைவிடப் பெரியது. 1970களில் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் கறுப்பின, கரீபிய, போர்ட்டோ ரிக்கோ வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து உருவாக்கிய ஒரு பண்பாடு அது. இசைத்தட்டு சுழற்றும் டிஜே, மைக் பிடிக்கும் எம்சி, தரையில் இறங்கி ஆடும் பி-பாய், பி-கேர்ள், சுவரில் எழுதும் கிராஃபிட்டிக்காரர் ஆகிய நால்வரும் அதில் உண்டு. இந்த நால்வரில் எம்சி செய்யும் வேலைதான் ராப்.

தெருக்கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டு, அடவு, ஒப்பனை, மேளம் எல்லாம் சேர்ந்தால்தான் அது கூத்து. பாட்டை மட்டும் ஒலிநாடாவில் பிடித்து விற்றால் கூத்துப் பாட்டு கிடைக்கும், கூத்து கிடைக்காது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. இந்தக் குடும்பத்தில் மூத்தவர் எம்சி கிடையாது, டிஜே. 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸில் 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் சிண்டி கேம்பல் என்ற பெண், பள்ளி திறக்கும் நேரத்தில் புதுத் துணி வாங்கப் பணம் சேர்ப்பதற்காக ஒரு பார்ட்டி நடத்தினார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ் கேம்பல், அதாவது டிஜே கூல் ஹெர்க். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 12 வயதில் பிராங்ஸுக்கு வந்தவர். ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது அந்த இரவுதான். ஹெர்க்குடன் மைக் பிடித்தவர் கோக் லா ராக். அவர் சொன்னதெல்லாம் கூட்டத்தில் இருந்த நண்பர்களின் பெயர்களும், ஆடச் சொல்லி விடுத்த அழைப்புகளும்தான். பதினாறு வரி எழுதி வந்து சொல்லும் வழக்கம் அப்புறம் மெல்ல வளர்ந்தது. ராப்பை ஹிப்ஹாப்பின் தலைவாசலாகப் பலர் நினைக்கிறார்கள். வரலாற்றில் அது பின்னால் கட்டிய அறை.

அப்படியானால் பாட்டு ஆப்களிலும் விருது மேடைகளிலும் ஏன் இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதுகிறார்கள்?
வாசகி, கோவை

இசைத்தட்டில் அடைக்க முடிந்தது ராப் மட்டும்தான் என்பதால். 1973 முதல் 1979 வரை ஹிப்ஹாப் பூங்காக்களிலும் பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களிலும் நேரில் நடந்தது. ஆட்டத்தை அப்போது யாரும் விற்க முடியவில்லை. ரயில் பெட்டியில் எழுதியதையும் விற்க முடியவில்லை. டிஜே நான்கு மணி நேரம் செய்ததை ஒரு தட்டில் அடக்க வழியில்லை. குரலை மட்டும் பிரித்தெடுக்க முடிந்தது.

அதைச் செய்து காட்டியவர் ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் சில்வியா ராபின்சன். நியூ ஜெர்சியில் மூன்று இளைஞர்களைச் சேர்த்து ஷுகர்ஹில் கேங் என்று பெயர் வைத்து, 1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற பாட்டை வெளியிட்டார். நீண்ட வடிவம் 14 நிமிடத்துக்கு மேல் ஓடும். அதில் டிஜே கிடையாது. ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டின் பேஸ் கிட்டார் வரியை ஸ்டூடியோவில் ஆள் வைத்துப் புதிதாக வாசித்து, அதன்மேல் மூவரும் ராப் செய்தார்கள். ஒரு பகுதி வரிகள் பிராங்ஸின் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியவை, அவர் பெயர் தட்டில் இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலோர் முதலில் கேட்ட ராப் இதுதான். டிஜே இல்லாத ராப்பே அவர்களுக்கு மொத்த ஹிப்ஹாப்பாகத் தெரிந்தது.

மூன்று வருடத்தில் இந்தப் பிளவு இன்னும் அகலமானது. 1982இல் வந்த 'த மெசேஜ்' பாட்டின் அட்டையில் 'கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் த ஃபியூரியஸ் ஃபைவ்' என்று இருக்கும். பாட்டில் ராப் செய்பவர்கள் மெல்லி மெல்லும் டியூக் பூட்டியும். பெயர் கொடுத்த டிஜே ஃப்ளாஷுக்கு அதன் இசையில் பங்கு ஏதும் இல்லை. சேரி வாழ்க்கையைச் சொன்ன மகத்தான பாட்டு அது, சந்தேகமே இல்லை. ஆனால் டிஜேயின் கையிலிருந்து ஸ்டூடியோக்காரர் கைக்கு வேலை மாறிவிட்டது என்பதையும் அதே பாட்டுதான் காட்டியது.

1989இல் கிராமி முதல்முறையாக ராப்புக்கு ஒரு விருது வைத்தபோதும் பெயர் 'ராப்' என்றுதான் இருந்தது. வென்றவர்கள் டிஜே ஜாஸி ஜெஃப்பும் ஃப்ரெஷ் பிரின்ஸும், அதாவது நடிகர் வில் ஸ்மித். அந்த விருதைத் தொலைக்காட்சியில் காட்டப் போவதில்லை என்றதால் அவர்கள் விழாவையே புறக்கணித்தார்கள்.

இரண்டு இசைத்தட்டை வைத்து அப்படி என்ன புதிதாகச் செய்தார் ஹெர்க்? கல்யாண வீட்டு டிஜேயும் அதைத்தானே செய்கிறார்?
வாசகர், விருதுநகர்

கல்யாண வீட்டில் ஒரு பாட்டு முடியும்போது அடுத்த பாட்டை இணைப்பார்கள். ஹெர்க் பாட்டையே போடவில்லை, பாட்டில் ஒரு துண்டை மட்டும் போட்டார். ஜேம்ஸ் பிரவுன் போன்றவர்களின், தாளம் தூக்கலான ஃபங்க் பாட்டுகளில் குரலும் பித்தளை வாத்தியங்களும் ஒதுங்கி, டிரம்மும் பேஸும் மட்டும் சில நொடி தனியாக வாசிக்கும் இடம் வரும். அதற்குப் பிரேக் என்று பெயர். அந்த இடத்தில்தான் கூட்டம் வெறியோடு ஆடியது. ஒரே இசைத்தட்டை இரண்டு பிரதி வாங்கி, ஒன்றில் பிரேக் முடியும் நேரத்தில் மற்றொன்றில் அதே பிரேக்கைத் தொடங்கி, பத்து நொடியைப் பத்து நிமிடமாக நீட்டினார். அந்தப் பிரேக்குக்கு ஆடியவர்கள்தான் பி-பாய்கள்.

ஹெர்க் கண்ணால் பார்த்து ஊசியை வைத்தார், தாளம் சில சமயம் தவறும். அதைத் துல்லியமாக்கியவர் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். தட்டில் கிரேயானால் கோடு போட்டுக்கொண்டு, ஊசியைத் தூக்காமல் தட்டையே விரலால் பின்னுக்குச் சுழற்றினார். கணக்கு இதுதான். நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 நொடி எடுக்கும். நிமிடத்துக்கு 100 அடி ஓடும் பாட்டில் 4 பார் பிரேக் என்றால், ஒரு பாருக்கு நான்கு அடி வீதம் 16 அடி, அதாவது 9.6 நொடி. 9.6ஐ 1.8ஆல் வகுத்தால் 5⅓ சுற்று. இடது தட்டில் பிரேக் முடிந்ததும் ஒரு தட்டின் ஒலியிலிருந்து மற்றதற்கு மாற்றும் கிராஸ்ஃபேடரை வலப்பக்கம் தள்ளுங்கள். வலது தட்டு 9.6 நொடி ஓடும். அதற்குள் இடது தட்டைக் கோட்டைப் பார்த்து 5⅓ சுற்று பின்னே கொண்டுவந்து, முதல் கிக்கின், அதாவது பெரிய டிரம் அடியின், வாசலில் விரலால் நிறுத்தி, ஹெட்போனில் சரிபார்த்து, சரியாக முதல் அடியில் விட வேண்டும். பிறகு வலது தட்டுக்கும் இதே வேலை.

இது எங்கே கெடும்? பெல்ட்டில் சுற்றும் டர்ன்டேபிள் என்றால் விரலை எடுத்த பிறகு வேகம் பிடிக்க நேரமாகும், முதல் அடி இழுபடும். மோட்டார் நேரடியாகச் சுற்றும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வகை டிஜேக்களின் அடையாளமாக ஆனது இதனால்தான். அடியில் ரப்பர் விரிப்பு இருந்தால் தட்டைப் பிடிக்கும்போது மோட்டாரும் சேர்ந்து நிற்கப் பார்க்கும். வழுக்கும் ஃபெல்ட் விரிப்புப் போட வேண்டும். பின்னே சுழற்றும்போது ஊசி தாவினால் ஊசியின் எடை போதவில்லை என்று அர்த்தம். டிஜே ஊசிகளுக்குப் பொதுவாக 3 முதல் 4 கிராம் வைப்பார்கள், உங்கள் ஊசிக்கு நிறுவனம் சொன்ன அளவைத் தாண்டினால் தட்டின் பள்ளம் சீக்கிரம் தேயும்.

தட்டை முன்னும் பின்னும் தேய்த்து அந்த ஓசையையே தாளமாக்கும் ஸ்கிராட்ச், கிராண்ட் விஸர்ட் தியோடர் என்ற பதின்வயதுப் பையன் 1970களின் நடுவில் கண்டுபிடித்தது.

ராப் இல்லாத ஹிப்ஹாப் உண்டா? ஹிப்ஹாப் இல்லாத ராப் உண்டா?
வாசகர், யாழ்ப்பாணம்

இரண்டும் உண்டு. டிஜே ஷேடோவின் 1996 ஆல்பமான 'எண்ட்ரோடியூசிங்' முழுக்க முழுக்கப் பழைய தட்டுகளிலிருந்து எடுத்த துண்டுகளால் ஆனது. ஜே டில்லாவின் 'டோனட்ஸ்' 2006 பிப்ரவரியில், அவர் இறப்பதற்கு மூன்று நாள் முன்பு வந்தது. இரண்டிலும் ராப்பரே இல்லை, இரண்டையும் ஹிப்ஹாப் இல்லை என்று சொல்ல யாரும் துணிய மாட்டார்கள். மறுபக்கம், ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் என்ற ராக் குழுவின் பாட்டுகளில் ஸாக் டி லா ரோச்சா செய்தது அப்பட்டமான ராப், சுற்றிலும் வாசிக்கப்பட்டது ராக். குளிர்பான விளம்பரத்தில் வரும் எட்டு வரியும் ராப்தான். அதில் ஹிப்ஹாப்பைத் தேட வேண்டாம்.

எமினெம் ராப்பரா, ஹிப்ஹாப் கலைஞரா?
வாசகர், சேலம்

இரண்டும். டெட்ராய்ட்டில் 'ஹிப் ஹாப் ஷாப்' என்ற துணிக்கடையில் நடந்த ராப் போட்டிகளில் நின்று வளர்ந்தவர்.

என் மகள் ஹிப்ஹாப் டான்ஸ் வகுப்புக்குப் போகிறாள். அங்கே சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறார்கள், ராப்பே போடுவதில்லை. ஏமாற்றுகிறார்களா?
வாசகி, தாம்பரம்

ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்று நீங்கள் கேட்பது நியாயம். ஹிப்ஹாப் டான்ஸ் என்ற பலகையின் கீழ் குறைந்தது மூன்று தனித்தனி வகை ஆட்டங்கள் வருகின்றன. பிராங்ஸில் பிறந்தது பிரேக்கிங். உடம்பை வெட்டி வெட்டி நிறுத்தும் பாப்பிங்கும், கையைச் சுழற்றிப் பூட்டுவதுபோல் நிறுத்தும் லாக்கிங்கும் அமெரிக்காவின் மறுகரையில் கலிஃபோர்னியாவில் ஃபங்க் இசைக்குப் பிறந்தவை, பின்னால் ஹிப்ஹாப் குடும்பத்தில் சேர்ந்தன. மூன்றாவது, வரிசையாக நின்று ஒரே அசைவைச் செய்யும் ஸ்டூடியோ நடனம். உங்கள் மகளின் வகுப்பு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

பிரேக்கிங் கற்க வேண்டுமென்றால் ஒழுங்கு முக்கியம். முதலில் நின்றபடி ஆடும் டாப்ராக், அடுத்து கைகளைத் தரையில் ஊன்றிக் கால்களைச் சுற்றும் ஃபுட்வொர்க், பிறகு ஆட்டத்தை ஒரு நொடியில் உறைய வைக்கும் ஃப்ரீஸ், கடைசியாகத்தான் முதுகில் உருண்டு கால்களைக் காற்றில் சுழற்றும் விண்ட்மில், தலையால் சுழலும் ஹெட்ஸ்பின் போன்ற பவர் மூவ்கள். பையன்கள் யூடியூப் பார்த்துக் கடைசியிலிருந்து தொடங்குவார்கள். ஃப்ரீஸில் முழங்கையை இடுப்போரம் ஊன்றி உடலைத் தாங்கும் பலம் வராமல் விண்ட்மில்லுக்குப் போனால் தோளும் மணிக்கட்டும்தான் அடி வாங்கும். ஒவ்வொரு நாளும் மணிக்கட்டுக்குத் தனியாகப் பத்து நிமிடமாவது சூடேற்றும் பயிற்சி வேண்டும். தலையால் சுழல்வதைக் குழந்தைகளுக்கு அவசரப்பட்டுக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் சேர்க்காதீர்கள், கழுத்து விளையாட்டுப் பொருள் இல்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் இருந்தது. நுட்பம், அசைவுகளின் வகை, பிசிறில்லாமல் செய்தல், இசையோடு இசைதல், சொந்தச் சரக்கு என்று ஐந்துக்கும் 20 சதவீதம் வீதம் மதிப்பெண். அங்கே போட்டியாளர் தன் பாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. டிஜே போடுவதற்கு அந்த நொடியில் ஆட வேண்டும். மகளின் வகுப்பில் முன்கூட்டித் தெரியாத பாட்டுக்கு ஆட விடுகிறார்களா என்று பாருங்கள். விட்டால் நல்ல வகுப்பு.

சுவரில் படம் வரைவதற்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?
வாசகர், புதுச்சேரி

ஒரே தெரு, ஒரே வயது, ஒரே பசி, அவ்வளவுதான் சம்பந்தம். டாகி 183 என்று நியூயார்க் முழுக்கத் தன் பெயரை எழுதிய பையனைப் பற்றி 1971இலேயே நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்துவிட்டது, ஹெர்க்கின் பார்ட்டிக்கு இரண்டு வருடம் முன்பு. அதனால் பழைய கிராஃபிட்டிக்காரர்கள் சிலர் தங்களை ஹிப்ஹாப்பில் சேர்ப்பதை இன்றும் ஏற்பதில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சென்னை கண்ணகி நகரில் நீங்கள் பார்க்கும் பெரிய சுவரோவியங்கள் அனுமதியோடு வரைந்தவை. கிராஃபிட்டியின் அடிப்படை அலகு அந்த மாதிரிப் படம் கிடையாது, ஒரே மூச்சில் எழுதும் சொந்தப் பெயர். அனுமதியில்லாமல் சுவரில் எழுதுவது தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

'பேட்டை ராப்' ஹிப்ஹாப்பா? தமிழில் உண்மையான ஹிப்ஹாப் எங்கே தொடங்கியது?
வாசகர், மதுரை

1994இல் 'காதலன்' படத்துக்காக ஏ.ஆர். ரகுமான் போட்ட அந்தப் பாட்டில் ராப் இருக்கிறது, சென்னைப் பேச்சும் கானாவின் துள்ளலும் இருக்கின்றன. படத்தின் ஒரு காட்சிக்காக இசையமைப்பாளர் செய்த நல்ல பாட்டு. அதற்குப் பின்னால் டிஜேயோ, எம்சிக்களின் கூட்டமோ, போட்டி மேடையோ கிடையாது. ராப் என்ற பெயர் அதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

தமிழில் ராப்பர்கள் தாங்களே எழுதி, தங்கள் பெயரில் ஆல்பம் போட்டு, தங்களுக்கென்று ஒரு கூட்டத்தை வளர்த்த கதையைக் கேட்டால் மலேசியாவுக்குப் போக வேண்டும். யோகி பி அங்கே 1990களிலேயே பொயடிக் அம்மோ குழுவில் இருந்தவர். 2006இல் யோகி பி அண்ட் நட்சத்ரா 'வல்லவன்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். 'நிழல்கள்' படத்தில் இளையராஜா இசையமைத்த 'மடை திறந்து' பாட்டை எடுத்துக்கொண்டு அதன்மேல் தங்கள் வரிகளைக் கட்டியது, ஹெர்க் ஃபங்க் தட்டுகளை வைத்துச் செய்த வேலைக்கு நெருக்கமான வேலை. அப்பா அம்மா கேட்ட பாட்டைப் பிள்ளைகள் தங்கள் காலத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். சென்னையில் ஹிப்ஹாப் தமிழா 2012இல் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம் போட்டது. 2018இல் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு, கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்து சாதிக்கு எதிராகப் பாடியது. அதில் இருந்த ராப்பர் 'அறிவு'வின் எழுத்து, இந்தக் கலை தமிழில் யாருக்காகப் பேச வேண்டும் என்பதை உரக்கச் சொன்னது.

கானா, லாவணி, வில்லுப்பாட்டு எல்லாம் தமிழின் பழைய ராப் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தக் கலைகளுக்கு அவற்றின் சொந்தப் பெயரே போதுமான மரியாதை. ராப்பர்கள் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், எடுக்கத்தான் வேண்டும்.

தமிழில் 16 பார் ராப் எழுத வேண்டும். பேப்பரில் நன்றாக இருக்கிறது, பீட்டில் சொன்னால் மூச்சு முட்டுகிறது. என்ன தவறு?
வாசகர், ஈரோடு

எழுத்தை எண்ணி எழுதுகிறீர்கள், நேரத்தை எண்ண வேண்டும். பீட்டை, அதாவது பின்னணித் தாள இசையை, போட்டு 1, 2, 3, 4 என்று எண்ணுங்கள். 2லும் 4லும் 'டப்' என்று ஸ்னேர் டிரம் விழும். நான்கு எண்ணினால் ஒரு பார். 90 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 90 அடி, என்றால் ஒரு பார் 2.67 நொடி, 16 பார் சுமார் 43 நொடி. 140 பிபிஎம்மில் ஓடும் 'டிராப்' வகைப் பீட்டில் அதே 16 பார் 27 நொடிதான். ஒரு பீட்டுக்கு எழுதியதை இன்னொன்றில் ஏற்றினால் முட்டுவது இதனால்தான்.

ஒவ்வொரு அடியையும் நான்காகப் பிரித்தால் ஒரு பாரில் 16 இடம். தமிழுக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. குறிலுக்கு ஒரு இடம், நெடிலுக்கு இரண்டு இடம் என்று மாத்திரைக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு ஒரு வரி:

காத்துல / கேக்குது / காவிரி / பாட்டு

'காத்துல' என்பதில் கா இரண்டு, து ஒன்று, ல ஒன்று, ஆக நான்கு. 'கேக்குது' நான்கு, 'காவிரி' நான்கு. 'பாட்டு' மூன்று. கடைசி ஓர் இடம் காலி, அது உங்கள் மூச்சு. 'பா' என்ற நெடில் சரியாக நான்காம் அடியின் ஸ்னேரில் விழுகிறது, அதனால் வரி நிற்கும். இப்போது அடுத்த வரி:

சேத்துல / நிக்குற / நாத்துக்குத் / தாலாட்டு

படிக்க அழகு. சொன்னால் இடறும். தா இரண்டு, லா இரண்டு, டு ஒன்று, ஐந்தாகிவிட்டது. மூச்சு இடமும் போய், அடுத்த வரியின் முதல் கிக்கில் மோதும். இப்படி மாற்றுங்கள்:

சேத்துல / நிக்குற / நாத்தையும் / ஆட்டு

'நிக்குற'வில் நி குறில்தான், ஆனால் அடுத்து வரும் ஒற்றில் குரல் தங்குவதால் இரண்டு இடம் எடுத்துக்கொள்ளும். 'நாத்தையும்' நான்குக்குள் அடங்குகிறது, இடையில் வரும் ஐ குறுகிவிடும். 'ஆட்டு' மூன்று, ஓர் இடம் மூச்சு. காத்துல, சேத்துல, நாத்தையும் மூன்றும் எதுகை. பாட்டு, ஆட்டு இயைபு. காத்துல, காவிரி மோனை. வரிக்குள்ளேயே இத்தனை கட்டு இருந்தால் கடைசிச் சொல்லை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

புதிதாக எழுதுபவர்களிடம் அதிகம் பார்க்கும் குறை அந்தக் கடைசிச் சொல்தான். போறேன், வாறேன், தாறேன், பாக்குறேன் என்று வினைமுற்றில் முடித்தால் தமிழில் எல்லாமே இயையும். உழைப்பில்லாமல் கிடைக்கும் இயைபு நாலாவது வரியில் சலித்துவிடும். வினையை நடுவில் கொண்டுவந்து பெயர்ச்சொல்லில் முடித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் வரிக்கு உள்ளே இயைபை அடுக்கும் வழியை 1987இல் ராக்கிம் என்ற ராப்பர் பெரிதாகத் திறந்துவிட்டார். எதுகை வைத்து எழுதிய மொழிக்கு அது அந்நிய வேலை கிடையாது.

மூச்சுக்கு இன்னொரு வழி: ஒவ்வொரு இரண்டு பார் முடிவிலும் பேப்பரில் ஒரு கோடு போட்டு, அங்கே இரண்டு இடமாவது காலி விடுங்கள். நடந்துகொண்டே முழு 16ஐயும் நிறுத்தாமல் சொல்ல முடியவில்லை என்றால் மேடையிலும் முடியாது. ஒவ்வொரு வரியாகப் பதிவு செய்து ஒட்டிய பாட்டு மேடையில் அம்பலப்படுவது அப்படித்தான். முழுப் பாட்டின் நீளத்தையும் முன்பே கணக்குப் பார்க்கலாம். 4 பார் தொடக்கம், 16 பார் மூன்று, 8 பார் பல்லவி மூன்று, மொத்தம் 76 பார். 90 பிபிஎம்மில் 3 நிமிடம் 23 நொடி.

வீட்டிலேயே குரல் பதிவு செய்கிறேன். 'ப', 'ட' வரும் இடமெல்லாம் வெடிக்கிறது, குரல் பீட்டுக்குப் பின்னால் போகிறது.
வாசகர், வேலூர்

மைக்கிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி நில்லுங்கள், நடுவில் மூச்சுக் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் வையுங்கள், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னப் பக்கம் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். வெடிப்பு பெரும்பாலும் இதிலேயே போய்விடும். உரக்கச் சொல்லும் இடத்தில் அளவுமானி மைனஸ் 10 டெசிபெல் அருகே நிற்கட்டும். சிவப்பைத் தொட்டால் பிறகு சரிசெய்ய முடியாது. அறையின் எதிரொலிக்கு, துணி நிறைந்த அலமாரியின் கதவைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பாடுங்கள்.

குரல் பின்தங்குவது உங்கள் தாளப் பிழையாக இல்லாமலும் இருக்கலாம். கணினி குரலைத் தாமதமாக ஹெட்போனுக்கு அனுப்பினால் நீங்களும் தாமதமாகச் சொல்வீர்கள். பதிவின்போது, கணினி ஒலியைத் தேக்கி அனுப்பும் பஃபர் அளவைப் பதிவு மென்பொருளில் 128க்குக் கொண்டுவாருங்கள். புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம், வயர் போட்டதை வையுங்கள். கடைசிச் சொற்களை மட்டும் இன்னொரு முறை சொல்லி, பிரதான குரலைவிட 6 முதல் 10 டெசிபெல் குறைத்து அடியில் வைத்தால் வரி எடுப்பாகத் தெரியும். எல்லாச் சொல்லையும் இரட்டித்தால் ஒன்றும் புரியாது.

பழைய தமிழ்ப் பாட்டிலிருந்து ஐந்து நொடி எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடும் லூப் செய்யலாமா? ஏழு நொடிக்குள் என்றால் குற்றமில்லை என்கிறான் நண்பன்.
வாசகர், நாகர்கோவில்

அப்படி ஒரு நொடிக் கணக்கு சட்டத்தில் எங்கும் இல்லை. ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது: பதிவு செய்யப்பட்ட ஒலியின் உரிமை ஒன்று, மெட்டும் வரியும் சேர்ந்த படைப்பின் உரிமை இன்னொன்று. சாம்பிள் எடுத்தால், அதாவது பதிவின் ஒரு துண்டை எடுத்தாண்டால், இரண்டுக்கும் அனுமதி வேண்டும். அதே மெட்டை நீங்களே கீபோர்டில் வாசித்தால் ஒலிப்பதிவு உரிமை விலகும், படைப்பின் உரிமை அப்படியே நிற்கும். இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு, மெட்டுக்கும் வரிக்கும் படைத்தவர் வாழ்நாளும் அதற்கு மேல் 60 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. பிறர் பாட்டை அப்படியே மீண்டும் பாடும் கவருக்கான சலுகையும் உங்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் நீங்கள் பாட்டை மாற்றுகிறீர்கள்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி ஹிப்ஹாப்பின் ஓசையையே மாற்றியது. 1980களின் இறுதியில் ஒரே பாட்டில் பத்து இருபது சாம்பிள் அடுக்கினார்கள். அப்போது வந்த, துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் எஸ்பி-1200 சாம்ப்ளர் கருவியில் மொத்தம் சுமார் 10 நொடிதான் அடங்கும். 33 வேகத் தட்டை 45இல் ஓட்டி வேகமாகப் பதிவு செய்து, உள்ளே மெதுவாக்கி, இடத்தை மிச்சம் பிடித்தார்கள். அந்தக் காலப் பாட்டுகளின் கரகரப்பு இதிலிருந்தும் வந்தது. 1991இல் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டை அனுமதியில்லாமல் எடுத்ததற்காக ராப்பர் பிஸ் மார்க்கியின் நிறுவனத்துக்கு எதிராக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் பணம் கட்ட வேண்டியதாயிற்று, பலர் ஒரு பாட்டுக்கு ஒரு சாம்பிளோடு நின்றார்கள், அல்லது சொந்தமாக வாசித்தார்கள்.

இந்த முறையில் நியாயம் கிடைக்காதவர்களும் உண்டு. த வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969 பாட்டான 'ஆமென், பிரதர்' நடுவில் கிரெகரி கோல்மன் வாசித்த 4 பார் டிரம், உலகில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட துண்டுகளில் ஒன்று. அதற்காக அவருக்கு ராயல்டி எதுவும் வரவில்லை. 2006இல் வீடில்லாமல் இறந்துபோனார். துண்டு சின்னதாக இருக்கலாம், அதை வாசித்த கை ஒருவருடையது. அனுமதி கேட்டுப் பணம் கொடுங்கள். முடியாவிட்டால் ஒரு தவில்காரரையோ பறை அடிப்பவரையோ அழைத்து, கூலி கொடுத்து, எழுதிக் கையெழுத்து வாங்கி, நாலு பார் புதிதாகப் பதிவு செய்யுங்கள்.

யூடியூபில் 'இலவசம்' என்று கிடைக்கும் பீட்டுகளிலும் கவனம் வேண்டும். பெரும்பாலானவை காசு சம்பாதிக்காத பாட்டுக்கு மட்டும்தான் இலவசம். ஆப்களில் ஏற்றுவதற்கு முன் உரிமம் வாங்குங்கள். அதில் எத்தனை முறை ஒலிபரப்பலாம், வேறு ராப்பருக்கும் அதே பீட் விற்கப்படுமா, பீட்டுக்குள் இருக்கும் சாம்பிளுக்கு யார் பொறுப்பு என்ற மூன்றையும் படித்த பிறகு பணம் கட்டுங்கள்.